இமாம் இப்னுந் நஃபீஸின் நூலும் ஓர் ஆய்வு மாணவரும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்துள்ளது. அங்குள்ள ஆகாய கங்கை அருவியைக் காண விரும்புவோர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது எளிது. திரும்ப ஏறும்போதுதான் உடல் தன் கணக்கைக் கேட்கிறது. இருநூறு படிகள் ஏறுவதற்குள் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, கால்கள் தளர்கின்றன. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறோம்.

மலையின் உயரமே இதற்குக் காரணம் என்று பலரும் எண்ணுகின்றனர். 1,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட எட்டில் ஒரு பங்கிற்குச் சற்றே கூடுதலாகக் குறைகிறது. அந்த அளவுக்கு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைகிறது. நலமுள்ள ஒருவர் அமர்ந்திருக்கும்போது இக்குறைவை உணர்வதே இல்லை. நம்மை நிறுத்துவது பெரும்பாலும் ஏறுகின்ற உழைப்புதான். உழைக்கும் தசைகளுக்குக் காற்று வேண்டும். காற்றைச் சுமந்து செல்வது இரத்தம். இரத்தம் காற்றைப் பெறுவது நுரையீரலில். ஆகவே இதயமும் நுரையீரலும் ஒரே நேரத்தில் விரைகின்றன.

இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லிவிடும் செய்தி இது. ஆனால் இதயத்தின் வலப்பக்கத்து இரத்தம் நுரையீரலுக்குள் சென்று, காற்றுடன் கலந்து, இடப்பக்கம் வந்து சேர்கிறது என்ற இந்த ஒரு செய்தியை மனித குலம் அறிந்துகொள்ள ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதை முதலில் எழுதி வைத்தவர் ஷாஃபிஈ மத்ஹபின் ஃபிக்ஹு ஆசிரியர் ஒருவர். அவர் எழுதியதை நவீன உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் மருத்துவப் பட்டத்திற்காக ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த ஒரு மாணவர். இவ்விருவரையும் நம் குடும்பங்கள் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

உரை எழுதிய ஆலிம்

அலாவுத்தீன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்குறஷீ (ரஹ்) என்பது அவரது பெயர். இப்னுந் நஃபீஸ் என்று வரலாறு அவரை அழைக்கிறது. கி.பி. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிஷ்க் பகுதியில் பிறந்தார். அந்நகரின் புகழ்பெற்ற நூரீ மருத்துவமனையில், அத்தக்வார் என்னும் பேராசிரியரைச் சுற்றி உருவான மருத்துவ மரபில் பயின்றார். பின்னர் கெய்ரோவுக்குச் சென்று, அங்கேயே வாழ்ந்து, தலைமை மருத்துவராக உயர்ந்தார்.

அவர் மருத்துவர் மட்டுமல்லர். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஷாஃபிஈ ஃபிக்ஹு போதித்தவர். இமாம் தாஜுத்தீன் அஸ்ஸுப்கீ (ரஹ்) அவர்கள் ஷாஃபிஈ அறிஞர்களின் வரலாற்றைத் தொகுத்தபோது அவருக்கும் அதில் இடமளித்தார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வாழ்ந்த அதே நூற்றாண்டு அது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டுவரும் அதே மத்ஹபைச் சேர்ந்த ஒருவர்தாம் நுரையீரலின் இரத்த ஓட்டத்தை எழுதினார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர் காலத்தில் மருத்துவத்தின் மூலநூலாகத் திகழ்ந்தது இப்னு சீனாவின் அல்கானூன். இப்னு சீனாவுக்கும் முன்னோடி கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ். இதயத்தின் வலக் கீழறையிலிருந்து இரத்தம் இடக் கீழறைக்குச் செல்வது எவ்வாறு என்ற கேள்விக்கு ஜாலீனூஸ் ஒரு விடை கூறியிருந்தார். இரு அறைகளுக்கும் இடையிலுள்ள சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளன, அவற்றின் வழியே இரத்தம் கசிந்து செல்கிறது என்றார். ஆயிரம் ஆண்டுகளாக மருத்துவ உலகம் அதை ஏற்றுக்கொண்டிருந்தது.

கி.பி. 1242ஆம் ஆண்டளவில், ஏறத்தாழ முப்பது வயதில், இப்னுந் நஃபீஸ் (ரஹ்) அல்கானூனின் உடற்கூறு பகுதிகளுக்கு ஓர் உரை எழுதினார். ‘ஷரஹு தஷ்ரீஹில் கானூன்’ என்பது அதன் பெயர். அதில் அவர் தெளிவாக மறுத்துரைத்தார். அந்தச் சுவர் தடித்தது, திண்மையானது. அதில் புலப்படும் வழியும் இல்லை, ஜாலீனூஸ் கருதிய புலப்படாத வழியும் இல்லை. ஆகவே இரத்தம் வலக் கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் செல்ல வேண்டும், அங்கே பரவிக் காற்றுடன் கலக்க வேண்டும், பிறகு வேறொரு குழாய் வழியே இடக் கீழறையை அடைய வேண்டும் என்றார். நுரையீரலுக்குச் செல்லும் குழாய்க்கும் அங்கிருந்து திரும்பும் குழாய்க்கும் இடையே வழிகள் இருக்கின்றன என்றும் எழுதினார். இதயத்திற்கு மூன்று கீழறைகள் உண்டு என்ற இப்னு சீனாவின் கூற்றையும் மறுத்து, இரண்டே உள்ளன என்றார்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு மத்னும் ஷரஹும் பழக்கமானவை. மூலநூல் ஒன்று, அதற்கு விரிவுரை ஒன்று. ஷரஹு என்றால் மூலத்தில் உள்ளதையே நீட்டிச் சொல்வது என்று சிலர் நினைக்கின்றனர். அவ்வாறன்று. ஆசிரியரின் சொல்லை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் ஆதாரத்தைக் கேட்டு, தேவைப்படும் இடத்தில் மாறுபடுவதும் ஷரஹின் கடமையே. இப்னுந் நஃபீஸ் (ரஹ்) இப்னு சீனாவை இழிவுபடுத்தவில்லை. அவர் நூலைப் பாதுகாத்துப் பரப்பியவர்களில் இவரும் ஒருவர். மரியாதையும் மறுப்பும் ஒரே பேனாவிலிருந்து வரக்கூடும் என்பதற்கு அவ்வுரை சான்று.

உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து ஷரீஅத்தும் தமது இரக்க உணர்வும் தம்மைத் தடுத்தன என்று அவரே முன்னுரையில் குறிப்பிட்டுள்ளார். உண்மையிலேயே அவர் அறுத்துப் பார்த்தாரா இல்லையா என்பதில் ஆய்வாளரிடையே இரு கருத்துகள் உண்டு. எவ்வாறாயினும், உறுப்பின் அமைப்பே அதன் பணியைக் காட்டும் என்ற தெளிவான சிந்தனை அவரை உண்மையை நோக்கி நடத்திச் சென்றது.

அவர் குளியலறையிலிருந்து பாதியில் எழுந்து வந்து, மையும் காகிதமும் கேட்டு, நாடித்துடிப்பைப் பற்றிய ஒரு சிறுநூலை எழுதி முடித்த பிறகே மீண்டும் குளிக்கச் சென்றார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். இறுதி நோயின்போது மருந்தாக மது அருந்துமாறு கூறப்பட்டபோது, உடலில் மதுவுடன் அல்லாஹ்வைச் சந்திக்க மாட்டேன் என மறுத்துவிட்டார் என்றும் கூறுகின்றனர். கி.பி. 1288இல் அவர் வஃபாத்தானார். தமது வீட்டையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்ஸூரீ மருத்துவமனைக்கு வக்ஃபு செய்துவிட்டுச் சென்றார்.

சுருக்கநூல் வாழ்ந்தது, ஆய்வு உறங்கியது

இத்தகைய ஒரு கண்டுபிடிப்பு எவ்வாறு மறக்கப்பட்டது? அவருக்குப் பின் வந்த ஓரிரு உரையாசிரியர்கள் அதைக் குறிப்பிட்டனர். ஆயினும் பொதுவான மருத்துவக் கல்வியில் அது இடம்பெறவில்லை. இதற்கான காரணங்களுள் ஒன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

இப்னுந் நஃபீஸின் (ரஹ்) பெயரால் உலகெங்கும் பரவிய நூல் ‘மூஜஸுல் கானூன்’. அல்கானூனின் சுருக்கம் அது. கைக்கடக்கமானது, நோயாளியிடம் செல்லும் மருத்துவருக்குப் பயனுள்ளது. அதற்கு உரைகள் எழுதப்பட்டன, உரைகளுக்கும் உரைகள் எழுதப்பட்டன. நம் நாட்டு யூனானி மருத்துவக் கல்வியிலும் அது நெடுங்காலம் பாடநூலாக இருந்தது. ஆனால் அந்தச் சுருக்கத்தில் உடற்கூறும் உடலியக்கமும் விடப்பட்டிருந்தன. அவர் துளைகளை மறுத்த இடமும் நுரையீரலின் வழியைக் கூறிய இடமும் பெரிய உரைநூலில் மட்டுமே இருந்தன. ஆகவே மாணவர்கள் அவர் பெயரை ஓதினார்கள், அவர் கண்டுபிடிப்பை ஓதவில்லை. தேர்வுக்கான ‘கைடு’ போதும், மூலநூல் எதற்கு என்று கேட்கும் நம் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான வரலாறு கிடையாது.

இதற்கிடையில் ஐரோப்பாவில் அதே உண்மை மீண்டும் எழுதப்பட்டது. 1553இல் மிகேல் செர்வேத்து ஒரு மார்க்க நூலின் நடுவே நுரையீரல் வழி இரத்த ஓட்டத்தை எழுதினார். அவருடைய சமயக் கொள்கைகளுக்காக அவ்வாண்டே ஜெனீவாவில் உயிருடன் எரிக்கப்பட்டார். 1559இல் இத்தாலியின் ரியால்தோ கொலொம்போவின் நூல் அதே கருத்துடன் வெளிவந்தது. 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, இரத்தம் உடல் முழுவதும் சுற்றி இதயத்திற்கே திரும்புகிறது என்பதைச் சோதனைகளாலும் கணக்காலும் நிறுவினார். அரை மணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு உடலில் உள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சுகிறது, எனவே அதே இரத்தம்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவருடைய வாதம். 1661இல் மார்செல்லோ மல்பீகி நுண்ணோக்கியின் கீழ் தவளையின் நுரையீரலை வைத்துப் பார்த்து, தமனியையும் சிரையையும் இணைக்கும் நுண்குழாய்களைக் கண்டார். இப்னுந் நஃபீஸ் (ரஹ்) இருந்தாக வேண்டும் என்று கூறிய வழிகள் நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் கண்ணுக்குத் தெரிந்தன.

1924: ஒரு மாணவரின் ஆய்வேடு

முஹ்யித்தீன் அத்ததாவீ எகிப்தைச் சேர்ந்த இளைஞர். ஜெர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டத்திற்குரிய ஆய்வேட்டை எழுத வேண்டியிருந்தது. பெர்லின் அரசு நூலகத்தில் இருந்த ஓர் அரபுக் கையெழுத்துப் பிரதியை எடுத்து அவர் வாசித்தார். அது இப்னுந் நஃபீஸின் (ரஹ்) உடற்கூறு உரை. அதில் அவர் கண்ட செய்தி, மருத்துவ வரலாற்று நூல்கள் அனைத்தும் கூறியதற்கு மாறாக இருந்தது. செர்வேத்துக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நுரையீரல் வழி இரத்த ஓட்டம் அரபு மொழியில் எழுதப்பட்டுவிட்டது.

1924இல் அவர் தமது ஆய்வேட்டை அளித்தார். கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானிய மருத்துவரும் அரபு அறிஞருமான மாக்ஸ் மையர்ஹோஃப் அதைச் சரிபார்த்து, உண்மை என உறுதிசெய்தார். 1930களில் அவர் எழுதிய கட்டுரைகளால் இச்செய்தி உலகறிந்தது. அத்ததாவீயின் ஆய்வேடு அப்போது அச்சேறவே இல்லை. இன்றும் பலர் இப்னுந் நஃபீஸின் (ரஹ்) பெயரைப் பெருமையுடன் கூறுகின்றனர். அந்த ஏட்டைத் திறந்த மாணவரின் பெயரை அறிந்தவர் சிலரே.

1242க்கும் 1924க்கும் இடையே 682 ஆண்டுகள். அந்நூல் அழிந்துபோகவில்லை, அலமாரியில் இருந்தது. மொழியும் மருத்துவமும் ஒருசேர அறிந்த, ஆய்வு செய்யும் கடமையும் கொண்ட ஒருவரின் கை அதன் மீது படாமல் இருந்தது. ஆய்வுப் பட்டம் என்பது பெயருக்குப் பின்னால் சேர்க்கும் எழுத்துகள் அல்ல என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

அமானிதமாக எடுத்துரைப்போம்

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. இப்னுந் நஃபீஸ் (ரஹ்) முழு இரத்த ஓட்டத்தையும் கண்டுபிடித்தார் என்றும், ஹார்வி அதைத் திருடிவிட்டார் என்றும் வாட்ஸ்அப்பில் செய்திகள் வலம்வருகின்றன. இரண்டும் சரியல்ல. அவர் கண்டது இதயத்திற்கும் நுரையீரலுக்கும் இடையிலான ஓட்டத்தை. உடல் முழுவதும் சுற்றிவரும் ஓட்டத்தை நிறுவியவர் ஹார்வி. அரபு நூல்கள் சிலவற்றை லத்தீனுக்குக் கொண்டுசென்ற அல்பாகோ வழியாக இப்னுந் நஃபீஸின் கருத்து இத்தாலியை அடைந்ததா என்ற விவாதம் அறிஞரிடையே இன்னும் முடியவில்லை.

ஒரு செய்தியை ஏற்குமுன் அதன் சனதைக் கேட்ட சமுதாயம் நாம். அறிவிப்பாளர் யார், யாரிடமிருந்து கேட்டார் என்று ஆராய்ந்து, பலவீனமானதைப் பலவீனமானது என்று எழுதி வைத்த இமாம்களின் வாரிசுகள். அந்த ஒழுங்கை ஹதீஸில் போற்றிவிட்டு, அறிவியல் வரலாற்றில் கைவிடலாகாது. உள்ளதை உள்ளபடி கூறினாலே இப்னுந் நஃபீஸின் (ரஹ்) புகழுக்குப் போதுமானது. இவ்வாறே, நேர்வழியை ஏற்க மறுக்கும் நெஞ்சின் நெருக்கத்திற்கு வானில் ஏறுபவனின் நிலையை உவமையாகக் கூறும் அல்அன்ஆம் அத்தியாயத்தின் 125ஆம் வசனத்தை, மலையேறும்போது நாம் நினைவுகூரலாம், உள்ளம் நடுங்கலாம். அதை உடலியங்கியல் பாடநூலாக மாற்ற வேண்டியதில்லை.

நம் நாட்டில் ஓர் ஆய்வாளர்

இந்த வரலாறு கெய்ரோவிலும் பெர்லினிலும் முடிந்துவிடவில்லை. ஆகாய கங்கைப் படிகளில் கால் தளர்வது ஏன் என்ற கேள்விக்கு விடையின் ஒரு பகுதியைத் தேடித் தந்தவர் ஓர் இந்தியர். 1925இல் பிறந்த அவதார் சிங் பெயின்டல், யூனானி மருத்துவத்திற்குப் பெயர்பெற்ற லக்னோ நகரின் கிங் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பிறகு ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உடலியங்கியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்தார். ஒற்றை நரம்பிழையில் ஓடும் மின்துடிப்பைத் தனியே பதிவுசெய்யும் நுட்பத்தில் தேர்ந்தார்.

1955இல் அவர் வெளியிட்ட ஆய்வு, நுரையீரலிலிருந்து மூளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பில் ஒரு புதிய வகை உணர்வியை அறிமுகப்படுத்தியது. இவ்வுணர்விகள் நுரையீரலின் நுண்குழாய்களை ஒட்டி அமைந்தவை. அதனால் பின்னாளில் அவற்றுக்கு ‘ஜே உணர்விகள்’ என்று பெயரிட்டார். நுண்குழாய்களைச் சுற்றி நீர் சற்றே மிகும்போது அவை தூண்டப்படுகின்றன. கடும் உழைப்பின்போதும், இதய நோயால் நுரையீரலில் நீர் கோக்கும்போதும் இது நேர்கிறது. அப்போது மூச்சு விரைகிறது, தசைகளின் வலு தளர்கிறது. உழைப்பை நிறுத்தச் சொல்லி உடலே இடும் கட்டளை இது என்று பெயின்டல் விளக்கினார். டெல்லியின் வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் பணியாற்றினார். 2004இல் காலமானார்.

தமனிக்கும் சிரைக்கும் இடையே வழி உண்டு என்று 1242இல் ஓர் ஆலிம் எழுதினார். 1661இல் மல்பீகி அவ்வழியைக் கண்ணால் கண்டார். 1955இல் பெயின்டல் அதே இடத்திலிருந்து எழும் நரம்பின் துடிப்பைப் பதிவுசெய்து காட்டினார். மதமும் நாடும் மொழியும் வேறான மூவர், மனித உடலின் ஒரே நுண்ணிய இடத்தில் சந்தித்துக்கொள்கின்றனர்.

பெற்றோரின் கேள்வி

நம்மிடம் பிள்ளைகளை ஓத அனுப்பிய பெற்றோர் சிலர் உயர்கல்வி குறித்தும் ஆலோசனை கேட்பதுண்டு. அண்மையில் ஒரு தந்தை கேட்டார்: “ஹஜ்ரத், மகள் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டாள். எம்.டி.யில் பிசியாலஜி எடுக்கப் போகிறேன் என்கிறாள். நோயாளியையே பார்க்காத டாக்டராக ஆவதற்கா இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தோம்?”

அவருடைய கவலை நியாயமானது. கடன் வாங்கிப் படிக்க வைத்த குடும்பத்திற்கு வருவாயைப் பற்றிய கேள்வி எழாமல் இராது. மூன்றாண்டுப் படிப்பு, அதற்குள் ஓர் ஆய்வேடு, பிறகு பெரும்பாலும் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணி என்பதே அத்துறையின் பொதுவான பாதை. மருத்துவமனை நடத்தும் செல்வம் அதில் வராது. ஆனால் அந்த மகள் கேட்பது, இப்னுந் நஃபீஸும் (ரஹ்) அத்ததாவீயும் அமர்ந்த அதே வரிசையில் ஓர் இடம். நாம் பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரும் முதலாண்டில் இதயமும் மூச்சும் இயங்கும் விதத்தை உடலியங்கியல் ஆசிரியர் ஒருவரிடமே கற்றார். அந்த ஆசிரியர் இல்லையேல் அந்த மருத்துவர் இல்லை.

ஆய்வுக்குரிய கேள்விகளும் தொலைவில் இல்லை. விறகடுப்பின் புகையில் ஆண்டுக்கணக்காகச் சமைத்த ஒரு தாயின் நுரையீரல் எவ்வளவு காற்றை உள்வாங்குகிறது? கொல்லிமலையில் மிளகும் பலாவும் சுமந்து நடந்தே முதுமை அடைந்த ஒருவரின் இதயத்துடிப்பும், சமவெளியில் கடையில் அமர்ந்தே முதுமை அடைந்த ஒருவரின் இதயத்துடிப்பும் எவ்வாறு வேறுபடுகின்றன? ரமளான் நோன்பின்போது ஓர் ஆஸ்துமா நோயாளியின் மூச்சு காலையிலும் மாலையிலும் எவ்வாறு உள்ளது? இவற்றை அளந்து, பதிவுசெய்து, பிறர் சரிபார்க்கும்படி எழுதுவதே ஆய்வு. அதனால் பயனடைவோர் நம் குடும்பங்களும் நம் அண்டை வீட்டாருமே.

ஆகவே அத்தந்தையிடம் நாம் கூறியது இதுதான்: வருமானக் கணக்கை மகளுடன் அமர்ந்து வெளிப்படையாகப் பேசுங்கள். உங்களால் தாங்க முடியுமா என்று பாருங்கள். தாங்க முடியும் என்றால், “இது டாக்டர் வேலை அல்ல” என்ற ஒரு சொல்லால் அவளைத் தடுக்காதீர்கள்.

இப்னுந் நஃபீஸ் (ரஹ்) தமது வீட்டையும் நூல்களையும் வக்ஃபாக விட்டுச் சென்றார். நம்மில் வசதியுள்ளோர் பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்கின்றனர், அல்ஹம்துலில்லாஹ். அதனுடன், ஆராய்ச்சி செய்ய விரும்பும் ஒரு பிள்ளையின் மூன்றாண்டுச் செலவை ஏற்கும் குடும்பங்களும் ஜமாஅத்துகளும் நம்மிடையே உருவாக வேண்டும். முன்னோரின் பெருமையைப் பேசுவதற்கு நாவு போதும். முன்னோரைப் போல் ஓர் ஏட்டைத் திறப்பதற்கு ஆண்டுகளும் பொருளும் பொறுமையும் வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவானாக! அவர்கள் கற்றதைக் கொண்டு அவனுடைய படைப்புகள் அனைத்தும் நலம் பெறச் செய்வானாக! ஆமீன்.